பக்கத்து வீட்டுச் சத்தம்: புது வீட்டில் செய்யக்கூடாதவை

புது அடுக்குமாடி வீடுகளில் சத்தத் தடுப்பு வேலைக்கு இறங்கியிருக்கும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை செய்து சூடுபட்ட அதே பிழைகளைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஜன்னலை மூடுவது, கதவடியில் ரப்பர் ஒட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொதுச்சுவரில் ஃபோம் ஒட்டுவது

முட்டைத் தட்டு போல மேடும் பள்ளமுமான அந்தப் பலகையைச் சுவரில் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அது உங்கள் அறைக்குள் எழும் எதிரொலியை அடக்கும். அடுத்த வீட்டு ஒலியை மறிக்காது. மறிப்பதற்கு எடை வேண்டும், ஓட்டையில்லாத அடைப்பு வேண்டும். ஃபோமில் இரண்டும் கிடையாது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு தம்பதி. அவர்களின் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டு ஹால், அதே சுவரில் டிவி. அறுபதாயிரம் ரூபாய் செலவழித்து ஃபோம் ஒட்டி, மேலே துணியுறையும் போட்டிருந்தார்கள். சீரியல் வசனம் இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது என்றார் அந்தப் பெண். பொய்யில்லை. அறையின் எதிரொலி அடங்கியதும், சுவர் வழியே வந்த சொற்கள் துலங்கிவிட்டன.

அது நாலங்குல ஏ.ஏ.சி. பிளாக் சுவர்; ஏ.ஏ.சி. என்பது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல். செங்கல் கட்டு கன மீட்டருக்குச் சுமார் 1,900 கிலோ இருக்கும், ஏ.ஏ.சி. சுமார் 600 கிலோதான். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) கூடுதலாகத் தடுக்கும் என்பது கணக்கு. இங்கே எடையே போதவில்லை. அதைவிட மோசம், ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்தபோது தெரிந்தது: பிளாக்குக்கும் பீமுக்கும் நடுவே கலவை அடைக்காமல் விட்ட சந்து. சுவர்ப் பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தாலே, மீதியை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

முதலில் அந்த இடைவெளியை அடைத்தோம். பிறகு பழைய சுவரைத் தொடாமல் இரும்புச் சட்டம் நிறுத்தி, உள்ளே ராக்வூல் எனும் கல்நார்ப் பஞ்சு வைத்து, ஜிப்சம் போர்டை மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி இரண்டு அடுக்காக அடித்து, மேலே கான்கிரீட் தளம் வரை ஏற்றினோம். ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தினால் சத்தம் மேலே ஏறி வந்துவிடும். அறையில் நாலங்குலம் போயிற்று. அதற்கு முணுமுணுக்காதவர்களை நான் பார்த்ததில்லை. சட்டத்தைப் பழைய சுவரோடு சேர்த்துத் திருகினால் செலவில் பெரும்பகுதி வீண். அதிர்வு அந்தத் திருகு வழியாகவே வந்துவிடும்.

முதுகோடு முதுகாக சுவிட்ச் பாக்ஸ்

பொதுச்சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் பாக்ஸ் வைத்தால் அங்கே சுவர் மெலிந்து சத்தம் புகும். எலக்ட்ரீஷியனிடம் பூச்சுக்கு முன்பே சொல்லுங்கள். தள்ளி வைக்கட்டும்.

எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மருந்து தேடுவது

பேச்சும் டிவியும் காற்றில் வருபவை. நாற்காலி இழுப்பதும், சமையல் மேடை அதிர மிக்ஸி ஓடுவதும் கான்கிரீட் வழியாக வருபவை. கனமான கான்கிரீட் சுவர் பேச்சை மறிக்கும்; அதிர்வைக் கடத்திவிடும். இந்த அதிர்வுகளைப் பிறக்கும் இடத்தில்தான் அடக்க முடியும்: மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு உறை. அதாவது, அடுத்த வீட்டாரிடம் முகம் கொடுத்துப் பேசியாக வேண்டும்.

சண்டை போட்ட பிறகு பேசப் போவது

போகாதீர்கள்.

பில்டருக்கு எழுதாமல் விடுவது

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து நீங்கள் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். மெல்லிய சுவரைப் பற்றி வழக்காடுவது கடினம். அடைக்காத சந்து வேலைத்தரக் குறை என்று வாதிட இடமுண்டு. படம் எடுத்து, எழுத்தில் அனுப்பிவிட்டு, அதன் பிறகே சுவரில் கை வையுங்கள். முன்னரே உடைத்து மாற்றிவிட்டால், உங்கள் மேஸ்திரிதான் கெடுத்தார் என்று கைகழுவிவிடுவார்கள்.