கணித ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி? ஐந்து நிமிடப் பாடம் வரை

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்துவிட்டு "ரீச்சிங்குக்குப் போகலாமோ" என்று யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டாம் தரம் போய்த்தான் நியமனம் எடுத்தேன். முதல் தரம் எங்கே பிழைத்தது என்பதைத்தான் கூடச் சொல்லப் போகிறேன்.

1. பாதையைத் தெரிவு செய்யுங்கோ

ஒன்று, இசட் புள்ளியோடு (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற புள்ளி) நேரே கல்வியியற் கல்லூரி. எங்களுக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருக்கிறது. மூன்று வருடம், கடைசி வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு, அதாவது படிப்பித்துப் பழகுவது. மற்றது, கணிதத்தில் பட்டம் எடுத்துவிட்டு பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்புக்குப் போவது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வேலையில் இருந்துகொண்டே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ செய்யலாம். உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்க ஆசையென்றால் பட்டம் எடுங்கோ. தரம் 6 தொடக்கம் 11 வரை போதுமென்றால் கோப்பாய் நல்ல வழி. வகுப்பறையில் நிற்கிற பழக்கம் அங்கேதான் வேளைக்கு வரும்.

2. வர்த்தமானி

ஆட்சேர்ப்பு அறிவித்தல் வருகிற அரச இதழ் இதுதான். வெள்ளிக்கிழமைகளில் வரும். ஆராவது சொல்லுவினம் என்று இருக்காமல் நீங்களே பாருங்கோ. மாகாண ஆட்சேர்ப்பென்றால் வட மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தலையும் பார்க்க வேணும்.

3. ஐந்து நிமிடப் பாடம்

எழுத்துப் பரீட்சையை நீங்கள் செய்து முடிப்பீங்கள். பாடம் நடத்திக் காட்டுகிற பிரயோகப் பரீட்சைதான் இடறும். எங்களுக்குத் தந்தது ஐந்து நிமிடம்.

முதல் தரம் நான் பைதகரசின் தேற்றத்தை நிறுவப் போனேன். செங்கோண முக்கோணி கீறி, மூன்று பக்கத்திலும் சதுரம் கீறி, பெயரிட்டுத் திரும்ப, நேரம் முடிந்தது என்றார்கள். செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) என்ற சொல்லையே நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. கணிதம் தெரியாமல் இல்லை. ஒரு பாடவேளைக்குரியதை ஐந்து நிமிடத்துக்குள் அடைக்கப் பார்த்ததுதான் பிழை.

அடுத்த முறையும் அதே தேற்றம்தான். ஆனால் நிறுவலை விட்டேன். கையில் ஒரு கயிறு, சம இடைவெளியில் பன்னிரண்டு பகுதியாக முடிச்சுப் போட்டது. "அத்திவாரம் வெட்டேக்க மேசன் மூலையை எப்படிச் செங்கோணமாக்குறவர்?" என்று கேட்டுத் தொடங்கினேன். கயிற்றை 3, 4, 5 என்று மடக்கிப் பிடித்தால் மூலை தானாக நிமிரும். பலகையில் எழுதியது ஒரு வரி: 9 + 16 = 25. பிறகு 6, 8 தந்து செம்பக்கம் எவ்வளவு என்று கேட்டேன். நான்கரை நிமிடத்தில் முடிந்தது.

ஒரு கேள்வி, ஒரு பொருள், ஒரு வரி, பிள்ளை செய்ய ஒரு கணக்கு. இதற்கு மேலே ஒன்றும் வேண்டாம். வீட்டில் தம்பியை இருத்தி, போனில் நேரம் வைத்து, பத்துத் தரமாவது செய்து பாருங்கோ. கண்ணாடிக்கு முன்னால் செய்வது உதவாது. கண்ணாடி கேள்வி கேட்காது.

4. சாமான்கள்

கணினியில் உருவங்கள் கீறுகிற ஜியோஜீப்ரா மென்பொருள் நல்லதுதான், நானும் பாவிக்கிறேன். ஆனாலும் பலகைக்குரிய மரக் கவராயத்தில் கை பழகாதவர் கேத்திரகணிதம் படிப்பிக்கக் கூடாது என்பது என் எண்ணம். பிள்ளை பரீட்சையில் பிடிக்கப் போவது கவராயத்தைத்தானே. பாடக்குறிப்புக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி போதும். தேர்ச்சி மட்டத்தை (பாடத்தில் பிள்ளை அடைய வேண்டியதை) அதிலிருந்தே எடுங்கோ. ரியூட்டரி நோட்ஸிலிருந்து எடுக்காதேங்கோ.

பின்சேர்க்கை: இதை வாசித்த இரண்டு தங்கச்சிமார் ஒரே சிக்கலைக் கேட்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல். நேர்முகத்துக்கு முதல்நாள் ஓடித் திரியாமல், இப்போதே ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து மூலப் பிரதிகளோடு சேர்த்து வையுங்கோ. வதிவிடத்துக்குக் கிராம அலுவலர் தரும் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கோ.