கடல் சாமந்தியை உயிரோடு வரைவது: கோஸின் வழி

கடல் சாமந்தி (sea anemone) பாறையில் ஒட்டி வாழும், பூப்போல விரியும் ஒரு மென்மையான விலங்கு. பதப்படுத்துவதற்காகச் சாராயப் புட்டியில் அடைபட்டால் அது நிறம் வெளிறி, கைகளை உள்ளிழுத்துக்கொண்டு, சுருங்கிய சதைக்கட்டியாகக் கிடக்கும். அதைப் பார்த்து வரைபவர் அந்த விலங்கை வரைவதில்லை. இதை நன்கு உணர்ந்திருந்தவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கோஸ் (1810–1888). சிற்றுருவ ஓவியர் ஒருவரின் மகனான அவர், நியூஃபவுண்ட்லாந்தில் எழுத்தராக இருந்த காலத்திலேயே பூச்சிகளை வரைந்தார். 1852இல் உடல்நலம் தேடி இங்கிலாந்தின் டெவன் கரைக்குச் சென்றபின், பாறைக்குழிகளில் கண்ட உயிர்களை வரைவதிலேயே ஆழ்ந்துபோனார். அந்தக் கரையில் அவர் மிகுதியாகக் கண்டிருக்கக்கூடிய சிவப்பு ‘பீட்லெட்’ சாமந்தியையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில், உங்கள் நிழல் நீரில் விழாதபடி குழியருகே அமருங்கள். நீருக்கு வெளியே மாட்டிக்கொண்ட சாமந்தி வெறும் சிவப்புக் களிம்பு உருண்டை போலத் தெரியும். அதையும் ஒரு மூலையில் வரைந்து வையுங்கள், ஏனெனில் மூடிய நிலையும் அதன் உருவமே. பிறகு நீருக்குள் இருப்பதைத் தேடி, அது விரியும்வரை காத்திருங்கள். கோஸ் உளியும் சுத்தியலும் கொண்டு பாறையோடு பெயர்த்து எடுத்துச் சென்று கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். அவருடைய நூல்களைப் படித்தவர்கள் கூட்டமாக வந்து அதே குழிகளைச் சூறையாடியதை அவர் மகன் எட்மண்ட் பிற்காலத்தில் வருந்தி எழுதினார். ஆகவே உளி வேண்டாம். இருந்த இடத்திலேயே வரையலாம்.

முதலில் வட்டத் தட்டையும் நடுவிலுள்ள வாயையும் மென்மையான கோட்டில் போடுங்கள். கைகளை மனம்போன போக்கில் சுற்றிலும் நிரப்புவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. இந்த விலங்கின் அமைப்பு ஆறின் மடங்கில் செல்வது: உள் வளையத்தில் 6, அடுத்ததில் 6, பின்னர் 12, 24, 48, 96 என ஆறு வளையங்களில் 192 கைகள் வரை இருக்கலாம். வட்டத்தை ஆறாகப் பிரித்துக்கொண்டு உள்ளிருந்து வெளியே சென்றால் ஒழுங்கு தானாக அமையும். ஆனால் கணக்கை நம்பி வரையாதீர்கள். எதிரே இருக்கும் விலங்கில் ஒரு கை குறைந்தால், படத்திலும் குறையட்டும்.

வண்ணத்தில்தான் பொறுமை வேண்டும். கைகளுக்குச் சற்றுக் கீழே, உடலின் மேல்விளிம்பைச் சுற்றி, ஒளிரும் நீல மணிகள் ஒரு வரிசையாக இருக்கும். சிவப்பைப் பூசிவிட்டு அதன்மேல் நீலத்தை வைத்தால் அழுக்கு ஊதா நிறமே மிஞ்சும். நான் இப்படி இரண்டு தாள்களைப் பாழாக்கியிருக்கிறேன். மணிகளுக்கான இடத்தை வெள்ளைத் தாளாகவே விட்டு, சுற்றிலும் நீர்த்த சிவப்பை அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கும் காய்ந்தபின் அடுத்ததை வைத்து, இறுதியில் மட்டும் நீலத்தை இடுங்கள். நிழலுக்குக் கறுப்பு எடுக்காமல், சிவப்பில் ஒரு துளி பச்சையைக் கலந்தால் சதையின் ஈரம் கெடாது. உடல்மேல் விழும் ஒளிப்புள்ளிக்கும் தாளின் வெண்மையே போதும்.

நிறத்தை நினைவில் வைத்து வீட்டில் பூசலாம் என்று எண்ண வேண்டாம். ‘கைகளின் நுனி அடிப்பகுதியைவிட வெளிர்’ என்பது போன்ற குறிப்புகளை அங்கேயே ஓரத்தில் எழுதுங்கள். நாள், இடம், நேரம், அளவுகோல் வைத்துப் பார்த்த விட்டம் ஆகியவையும் அருகில் இருக்கட்டும். இவை இல்லாத படம் சுவருக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது. கோஸின் படங்கள் இரண்டுக்கும் உதவின: 1860இல் முழுமை பெற்ற அவரது கடல் சாமந்தி நூலின் படங்களைப் பார்த்தே கண்ணாடிக் கலைஞர் லியோபோல்ட் பிளாஷ்கா கண்ணாடியில் சாமந்திகளை வடித்தார்.

அடுத்த வற்றத்துக்கு அதே குழிக்குச் சென்று, அதே விலங்கை மீண்டும் வரையுங்கள். இரண்டாவது படத்தில் கைகளின் எண்ணிக்கை முதல் படத்தோடு ஒத்துப்போகவில்லையென்றால், முதல் படத்தை அழிக்காமல் இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, மூன்றாம் முறை எண்ணுங்கள்.