சிப்பாய்க்குப் பொறுப்பு உண்டா? வகுப்பில் விவாதம் நடத்தும் முறை

'போரில் சுட்ட சிப்பாய் குற்றவாளியா?' என்று பிளஸ் டூ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். கைதட்டல் கிடைக்கும், விவாதம் அத்தோடு படுத்துவிடும். வரலாற்று ஆசிரியராக நான் கையாளும் வழி, பொதுவாகப் பேசவே விடாமல் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வது: 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய்.

முதலில் நடந்ததை அடைமொழி இல்லாமல் சொல்லுங்கள். அமெரிக்காவின் சார்லி கம்பெனி என்ற படைப்பிரிவு காலையில் ஊருக்குள் நுழைந்தது. எதிர்த்துச் சுட அங்கே படை இல்லை. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று கொல்லப்பட்டவர்களாக வியட்நாம் நினைவிடம் கணக்கு வைத்திருப்பது 504 பேர்.

பிறகு கரும்பலகையில் மூன்று பெயர்களை எழுதுங்கள்.

லெப்டினென்ட் வில்லியம் கேலி. மேலதிகாரியின் கட்டளையைத்தான் நிறைவேற்றினேன் என்றார். சாதாரண அறிவுள்ளவனுக்கே சட்டவிரோதம் என்று தெரியக்கூடிய கட்டளையா என்பதுதான் ராணுவ நீதிமன்றத்தின் கேள்வி. 22 பேரைக் கொன்றதாக 1971இல் ஆயுள் தண்டனை. அது குறைந்துகொண்டே வந்து, சில ஆண்டு வீட்டுக்காவலோடு முடிந்தது. கொலைக்குத் தண்டனை பெற்றவர் அவர் ஒருவரே.

பால் மீட்லோ. இங்கே அவசரப்படாதீர்கள், பாடமே இவரிடம்தான். கேலி சுடச் சொன்னார், மீட்லோ சுட்டார். சுடும்போது அழுதார் என்று உடனிருந்த வீரர் சாட்சி சொன்னார். அந்தக் கண்ணீர் எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது என்று கேளுங்கள். இரக்கம் காட்டச் சொல்லும் பாதி வகுப்பு. 'அழுதார் என்றால் தவறென்று தெரிந்திருக்கிறதே!' என்று ஒருவர் சொல்லும்வரை வாய் திறக்காதீர்கள். ஆசிரியருக்கு அதுதான் கஷ்டமான வேலை.

ஹியூ தாம்ப்சன். சுடுபவர்களுக்கும் ஒளிந்திருந்த ஊர்மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். ஊர்மக்கள்மேல் சுட்டால் நம்மவர்களையே சுடுங்கள் என்று தன் குழுவினரிடம் சொன்னார். இதற்காகச் சோல்ஜர்ஸ் மெடல் வந்தது 1998இல்தான்.

'அவர் மேலே பறந்தவர், விமானி. தரையில் நின்றவன் மறுத்தால் சுட்டிருப்பார்களே' என்பார்கள். நல்ல மறுப்பு. அதே கம்பெனியில் மைக்கேல் பெர்ன்ஹார்ட் சுட மறுத்தார், உயிரோடுதான் ஊர் திரும்பினார் என்று அப்போது சொல்லுங்கள். மாற்று வழி உண்மையிலேயே இருந்தால் கட்டளை ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்ற, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்திலிருந்து வந்த கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து, கேலியின் மேலதிகாரியான கேப்டன் மெடினாவைப் பற்றிக் கேட்பார்கள். அவரை விடுதலை செய்துவிட்டார்கள். பொறுப்பு என்பது பாகப்பிரிவினைச் சொத்து அல்ல. மேலே உள்ளவருக்குக் கூடினால் கீழே உள்ளவருக்குக் குறைய வேண்டியதில்லை. இதைப் பிள்ளைகள் உடனே ஒப்பமாட்டார்கள், விட்டுவிடுங்கள்.

போரே அநியாயம் என்றால் அதில் சண்டையிட்ட எல்லோரும் குற்றவாளிகளா என்பது வேறு கேள்வி, இதோடு கலக்க வேண்டாம். கட்டாய ஆள்சேர்ப்பில் வந்த இருபது வயதுக்காரனுக்குப் போரின் காரணம் எவ்வளவு தெரிந்திருக்கும்? ஆனால் 1967இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்துப் பட்டத்தை இழந்ததும் அந்த நாட்டில்தான். இதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இந்த விவாதம் வரப்போகிறது என்று முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் மீட்லோவுக்கு மட்டும் தீர்ப்பு எழுதட்டும், காரணத்தோடு. கைதூக்கச் சொல்லாதீர்கள், பக்கத்து பெஞ்சைப் பார்த்துத்தான் தூக்குவார்கள்.