நான்கு வழிக்கு நிலம், இரண்டு வழிக்குத் தார்: பாதிச் சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் கொல்லம் பைபாஸ் 2019 ஜனவரி 15 அன்று முழுதாகத் திறக்கப்பட்டது. மேவரத்திலிருந்து காவநாடு வரை சுமார் 13 கிலோமீட்டர். அஷ்டமுடிக் காயலின் மேலே பாலங்களும் உண்டு. அந்தச் சாலைக்கான பேச்சு 1970களிலேயே தொடங்கியது. அகலமான நெடுஞ்சாலைக்கென்று நிலம் எடுத்து வைத்திருந்தும், பல பத்தாண்டுகள் காத்திருந்த மக்களுக்குக் கடைசியில் கிடைத்தது நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைதான். திறந்த கொஞ்ச காலத்திலேயே அங்கே நடக்கும் விபத்துகள் செய்தியாகிவிட்டன. இப்போது அதே சாலை, தேசிய நெடுஞ்சாலை 66-இன் ஆறுவழித் திட்டத்துக்குள் வந்துவிட்டது.

அகலமாக நிலம் எடுத்துவிட்டு, முதல் கட்டமாக ஒரு பக்கத்தை மட்டும் போடுவதில் தவறில்லை. நிலம் இன்று கிடைக்கும் விலைக்கு நாளை கிடைக்காது; வீடுகள் வந்த பிறகு எடுத்தால் பணம் மட்டுமல்ல, குடும்பங்களின் கண்ணீரும் சேர்கிறது. போக்குவரத்து குறைவாக இருக்கும்போதே நான்கு வழி போட்டால் காசும் வீண். ஜப்பானில் விரைவுச் சாலைகளில் கணிசமான நீளத்தை இப்படித்தான், தற்காலிக இருவழியாக, திறந்தார்கள். தவறு நடப்பது அதற்கு அப்புறம். பாதிச் சாலையை முழு நெடுஞ்சாலையின் ஒரு துண்டாகவே எல்லாரும் பார்க்கிறார்கள்: வரைபவர், கட்டுபவர், ஓட்டுபவர், ஓரத்தில் மனை வாங்குபவர் என்று அத்தனை பேரும். இரண்டாவது பாதி வரும்வரை அது எதிரும் புதிருமாக வண்டி ஓடும் சாதாரண இருவழிச் சாலை. அந்த நினைப்போடுதான் அதைக் கட்ட வேண்டும், அந்த நினைப்போடுதான் ஓட்ட வேண்டும்.

முந்தத் தேவையான பார்வைத் தூரம்

இதைத்தான் நான் மிகப் பெரிய தவறாக நினைக்கிறேன். வெளியே தெரியாத தவறும் இதுதான்.

நடுத்தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் எதிரே வண்டி வராது. அதனால் முன்னால் ஏதாவது நின்றால் பிரேக் போட்டு நிறுத்தும் அளவுக்குப் பார்வை கிடைத்தால் போதும். நம் நாட்டில் சாலைக்கான விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை மாநாட்டின் (IRC) விதிப்படி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்தத் தூரம் 120 மீட்டர். ஆனால் இருவழிச் சாலையில் ஒரு வண்டியை முந்த வேண்டுமானால் எதிர் வழிக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும். அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்திரமாக முந்த, விதி சொல்லும் பார்வைத் தூரம் 470 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் 640 மீட்டர். அதாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தும் தூரத்தைப் போல முந்தும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். முன்னால் லாரி 60-இல் போகிறது, நீங்கள் 80-இல் முந்துகிறீர்கள். வித்தியாசம் 20 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர் சொச்சம். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 45 மீட்டர் என்று வைத்தாலும் எட்டு விநாடி ஆகும். அந்த எட்டு விநாடியில் நீங்கள் கிட்டத்தட்ட 180 மீட்டர் போகிறீர்கள். எதிரே 80-இல் வருபவரும் 180 மீட்டர் வருகிறார். மொத்தம் 360 மீட்டர். முடிவெடுக்கும் நேரத்தையும் கடைசியில் மிஞ்ச வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால்தான் விதியின் 470 வருகிறது. அது தாராளமாகப் போட்ட கணக்கு இல்லை, தேவையான கணக்கு.

நாளைய நான்கு வழிச் சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து இன்று போடும்போது, அதன் மேடுகளும் வளைவுகளும் நான்கு வழிக்கென்று வரைந்தவையாக இருந்தால், நிறுத்தும் தூரம் கிடைக்கும். முந்தும் தூரம் கிடைக்காது. ரயில் பாதையைத் தாண்டும் மேம்பாலத்தின் உச்சியை நினைத்துப் பாருங்கள். ஏறும்போது வானம் மட்டும் தெரியும். சாலை வழவழவென்று இருக்கிறது, வளைவு மெதுவாகத் திரும்புகிறது, கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. எதிரே வருபவரும் அதே நிலையில்தான் வருகிறார்.

செய்ய வேண்டியது கடினமில்லை. முந்தும் தூரம் கிடைக்காத இடங்களைத் திட்ட நிலையிலேயே அளந்து, அங்கே விடுபடாத கோடு போட்டு, முந்தக் கூடாது என்ற பலகையும் வைக்க வேண்டும். கோடு மட்டும் போதாது. மழைக்காலத்தில் அது தெரிவதில்லை, இரண்டு வருடத்தில் தேய்ந்தும் போகிறது. மேட்டு உச்சியிலும் பாலத்தின் அணுகுபாதையிலும் மடங்கி எழும் கம்பங்களையாவது நடுவில் நட வேண்டும்.

ஜப்பானின் அனுபவம் இந்த இடத்தில் பாடமாகிறது. அங்கே தற்காலிக இருவழிச் சாலைகளின் நடுவில் பல ஆண்டுகளாக ரப்பர் கம்பங்கள்தான் இருந்தன. அவை கோட்டை நினைவுபடுத்தும், ஆனால் தூங்கிவிட்டவரின் வண்டியை நிறுத்தாது. 2017 முதல் கம்பிவடத் தடுப்பைப் போட்டுச் சோதித்தார்கள். அது போட்ட பகுதிகளில் எதிர்வழிக்குள் பாயும் விபத்துகள் பெருமளவு குறைந்தன. சுவீடனில் அதற்கும் முன்பே, 1998-இல், 13 மீட்டர் அகலச் சாலைகளை ஒரு திசைக்கு இரண்டு வழி, எதிர்த்திசைக்கு ஒரு வழி என்று மாறி மாறிப் பிரித்து நடுவில் கம்பிவடம் போடத் தொடங்கி, இறப்புகளைப் பெரிய அளவில் குறைத்தார்கள். நம் இருவழி பைபாஸ்களில் தார் 7 மீட்டர், ஓரப்பட்டைகளோடு 10 மீட்டர் அளவில் இருக்கும். அதில் முழு நீளத்துக்கும் வடம் போட்டால் பழுதாகி நிற்கும் ஒரு லாரி வழியையே அடைத்துவிடும். ஆனால் இங்கேதான் காலி நிலம் இருக்கிறதே! குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை ஒரு கூடுதல் வழி போட்டு முந்த இடம் கொடுத்தால், மற்ற இடங்களில் முந்தும் அவசரம் தானே தணியும். நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓட்டுபவர்கள் செய்வது

பக்கத்தில் வெட்டவெளியாக நிலம் கிடந்தால் சாலை அகலமாக இருப்பது போலத் தோன்றும். கட்டடங்கள் நெருக்கும் ஊர்ச் சாலையில் நாற்பதில் போகிறவர் இங்கே தொண்ணூறில் போவார். எதிரே இரண்டு வண்டிகள் இணையாக வந்தால் ஒதுங்கிக்கொள்ள மண் ஓரம் இருக்கிறது என்ற தைரியம் வேறு. தாருக்கும் மண்ணுக்கும் இடையே அரையடி பள்ளம் இருந்தால் அந்த வேகத்தில் இறங்குகிற வண்டி கவிழும்.

நான்கு வழி முடிந்து இரண்டு வழி தொடங்கும் இடம் இன்னும் மோசம். சேலம் பக்கமிருந்து நடுத்தடுப்புள்ள அகலச் சாலையில் வந்து, நீலம்பூரில் கோவை பைபாஸுக்குள் நுழைந்தவர்களுக்கு இது தெரியும். மதுக்கரை வரை 28 கிலோமீட்டர் நீளும் அந்த இருவழிச் சாலையில் நேருக்கு நேர் மோதிய விபத்துகள் எத்தனையோ. ஒரு மணி நேரம் அப்படிப்பட்ட சாலையில் ஓட்டி வந்த மனம் உடனே மாறாது. வலது பக்கம் முழுக்க நமக்கே என்ற பழக்கம் இன்னும் பல கிலோமீட்டருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். நுழைந்ததும் வேகத்தைக் குறைத்து, முதல் எதிர் வண்டியைப் பார்க்கும்வரை முந்தாமல் இருங்கள். இரவில் ஹை பீமை இறக்குங்கள். நான்கு வழியில் நடுத்தடுப்புச் செடிகள் தடுக்கும் வெளிச்சம் இங்கே நேராகக் கண்ணில் பாயும். ஓரப்பட்டையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி அந்தக் கூச்சத்தில் தெரியவே தெரியாது.

விரிவாக்கம் முடிந்த பிறகும் ஒரு ஆபத்து தொடர்கிறது. பத்து வருடம் இருபக்கமும் போய்ப் பழகிய உள்ளூர்க்காரர்கள், திரும்பும் இடம் தூரமாக இருப்பதால் எதிர்த்திசையிலேயே பைக்கை ஓட்டுவார்கள். சர்வீஸ் ரோட்டை முடிக்காமல் முதன்மைச் சாலையைத் திறப்பதுதான் இதற்குக் காரணம். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

நடுவில் போட்டால்

நிலத்தின் நட்டநடுவில் முதல் இருவழியைப் போடுவது பார்க்க அழகாக இருக்கும். பின்னால் அகலப்படுத்தும்போது இரண்டு பக்கமும் தோண்ட வேண்டும், ஓடும் போக்குவரத்துக்கு நடுவே. பழைய தாரின் நடுப்பகுதி நடுத்தடுப்புக்கு அடியில் போய் வீணாகும். ஒரு பக்கமாகப் போட்டால் பழைய சாலை அப்படியே ஒரு திசைக்கு ஆகும். மறுபக்கத்தை நிம்மதியாகக் கட்டலாம். அப்போதும் சரிவைக் கவனிக்க வேண்டும். இருவழிச் சாலை நடுவில் மேடாகி இரு ஓரமும் சரியும். நான்கு வழியின் ஒவ்வொரு பக்கமும் ஒரே திசையில் சரியும். அதை மாற்றாமல் விட்டால் மழைநீர் நடுத்தடுப்பு ஓரம் தேங்கும்.

பாலங்களில் இன்னும் தொலைநோக்கு வேண்டும். ஆலப்புழை பைபாஸ் 2021 ஜனவரி 28 அன்று திறக்கப்பட்டது, 6.8 கிலோமீட்டரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தூரம் கடற்கரையோர மேம்பாலம். சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் பக்கத்தில் இன்னொரு மேம்பாலம் எழுப்பும் வேலை வந்தது. சிறு பாலங்களையும் சுரங்கப்பாதைகளையுமாவது முதலிலேயே முழு அகலத்துக்குக் கட்டிவிடலாம். மொத்தச் செலவில் அவை சிறிய பங்கு. பின்னால் உடைத்து நீட்டும்போது ஒரு கிராமமே சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

காலி நிலத்தைக் கவனிக்காமல் விடுவது

எடுத்த நிலம் சும்மா கிடக்காது. முதலில் ஒரு டீக்கடை, அப்புறம் பஞ்சர் கடை, அப்புறம் குப்பை. அவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. மின்கம்பங்களும் குடிநீர்க் குழாயும்கூட அந்த நிலத்திலேயே வரும். அகலப்படுத்தும் நாளில் அவற்றை மாற்றுவதற்கே மாதக்கணக்காகும். குழாய்களையும் கம்பங்களையும் நிலத்தின் கடைசி ஓரத்தில்தான் அனுமதிக்க வேண்டும். மரம் நடுவதாக இருந்தாலும் ஓரமாக நடுங்கள். இருபது வருடம் நிழல் தந்த மரத்தை வெட்டும் நிலை யாருக்கும் வேண்டாம்.

குறுக்குச் சாலைகளும் இதே கதைதான். தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கென்று 2002-இல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டப்படி, நெடுஞ்சாலையில் இணைப்புப் பாதை போட அனுமதி வேண்டும். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், புது நகர் என்று ஒவ்வொன்றும் ஒரு வாசலைத் திறந்தால், ஊரைச் சுற்றிப் போகப் போட்ட பைபாஸ் இன்னொரு ஊர்ச் சாலையாகிவிடும்.

மனை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இப்போதைய தார் ஓரத்தைச் சாலையின் எல்லை என்று எண்ணி வாங்காதீர்கள். எல்லைக்கல் எங்கே இருக்கிறது, சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்று புலப்படத்தையும் பட்டாவையும் வைத்து ஒப்பிடுங்கள். “மெயின் ரோட்டை ஒட்டிய மனை” என்று காட்டப்படும் இடத்துக்கும் தாருக்கும் நடுவே கிடப்பது அரசு நிலமாக இருக்கலாம்.

எப்போது மற்ற பாதி?

இந்தக் கேள்விக்குத் தேதியோ அளவோ எழுதி வைக்காமல் முதல் கட்டத்தைத் திறப்பது, மற்ற எல்லாத் தவறுகளையும் நீளச் செய்கிறது. சமவெளியில் ஒரு சாதாரண இருவழிச் சாலைக்கு இந்திய சாலை மாநாடு சொல்லும் அளவு, நாளொன்றுக்கு 15,000 கார்களுக்குச் சமமான போக்குவரத்து. லாரி, பஸ் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்களாக எண்ணப்படும். அந்த அளவைத் தொட்ட பிறகு திட்ட அறிக்கை, நிதி, டெண்டர் என்று ஆரம்பித்தால் சாலை பல வருடம் தாங்க முடியாத சுமையோடு ஓடும். பாதி அளவைத் தாண்டும்போதே வேலை தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் ஊர் பைபாஸில் இது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: கடைசியாக எந்த ஆண்டு போக்குவரத்தை எண்ணினார்கள், நாளொன்றுக்கு எவ்வளவு வந்தது, முந்தக் கூடாத பகுதிகள் எவையெனக் குறித்த வரைபடம் இருக்கிறதா, இரண்டாம் கட்டத்துக்கான திட்ட அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது.