முகப்பு விளக்கு எரிந்தும் எச்சரிக்கை ஒலி வரவில்லையா? கதவுத் தூணில் தொடங்குங்கள்

மழை நாளில் பகலிலேயே முகப்பு விளக்கைப் போட்டு ஓட்டுவோம். வீடு வந்து சேர்வதற்குள் வெயில் அடித்துவிட்டால், விளக்கு எரிவதே கண்ணில் படாது. கதவைத் திறந்ததும் வரும் எச்சரிக்கை ஒலிதான் அப்போது காப்பாற்றும். சென்ற ஐப்பசியில் என் காரில் அது ஒலிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அம்மாவை ரயிலேற்றிவிடச் சாவியைத் திருகினேன். 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 55 வாட் பல்புகள் இரண்டு, 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பின்விளக்குகளும் சேர்ந்தால் 10-ஐத் தாண்டும். சிறிய கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்திலேயே படுத்துவிடும்.

இந்த ஒலிக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. விளக்கு எரிய வேண்டும், இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும், ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு 'பஸ்ஸர் (ஒலி எழுப்பும் கருவி) போய்விட்டது' என்று முடிவு கட்டாதீர்கள்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். கூரையில் உள்ள உள்விளக்கின் சுவிட்சைக் கதவோடு சேர்ந்து எரியும் நிலையில் வையுங்கள். பெரும்பாலும் அது நடு நிலை. இப்போது ஓட்டுநர் கதவை மட்டும் திறங்கள். உள்விளக்கு எரியவில்லை, மற்றக் கதவைத் திறந்தால் எரிகிறது என்றால், கோளாறு ஓட்டுநர் கதவின் சுவிட்சில்தான். பல கார்களில் அது கதவுத் தூணில், அதாவது கதவு மூடும்போது போய்ப் பொருந்தும் காரின் உடல் பகுதியில், ரப்பர் உறை போட்ட சிறு பொத்தானாக இருக்கும். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட சிக்கல் இங்கேயே முடிந்துவிடுகிறது.

அதைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சுவிட்ச் ஒரே ஒரு ஸ்குரூவில் நிற்கும். மெதுவாக வெளியே இழுத்து, பின்னால் உள்ள வயரைப் பிடுங்கும் முன்பே அதில் ஒரு நூலைக் கட்டி வெளியே ஒட்டிவையுங்கள். இதைச் செய்யாமல் விட்டேன். வயர் தூணின் துளைக்குள் நழுவிவிட்டது. அதை மீட்க உள் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற நேர்ந்தது.

சுவிட்சைக் கையில் எடுத்தால் ஸ்குரூ பதியும் இடத்தில் பச்சையாகவோ பழுப்பாகவோ துரு தெரியும். அந்த இடம் வழியாகத்தான் சுவிட்ச் காரின் உடலோடு எர்த் ஆகிறது. நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். தூணில் ஸ்குரூ உட்காரும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், இணைப்பு இருந்தால் ஒலிக்கும் தொடர்ச்சி (continuity) நிலையில் வைத்து, ஒரு முனையை வயர் செருகும் இடத்திலும் மற்றதைச் சுவிட்சின் உலோகத்திலும் வையுங்கள். பொத்தான் வெளியே இருக்கும்போது மீட்டர் ஒலிக்க வேண்டும், அழுத்தினால் நிற்க வேண்டும். இல்லையென்றால் புதிய சுவிட்ச் வாங்குங்கள், விலை பெரிதில்லை.

எந்தக் கதவைத் திறந்தாலும் உள்விளக்கு எரியாவிட்டால் அந்த பல்பையும் ஃபியூஸையும் பாருங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் அளவில்தான் போட வேண்டும். 10 இருந்த இடத்தில் 20 போட்டால், ஃபியூஸ் எரிவதற்கு முன்பே வயர் உருகிவிடலாம்.

உள்விளக்கும் எரிகிறது, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது, ஒலி மட்டும் இல்லையா? பழைய கார் என்றால் டாஷ்போர்டுக்கு அடியில் தனியாக இருக்கும் பஸ்ஸரைக் கழற்றி, பிளஸ் மைனஸ் மாறாமல் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கலாம். புதிய கார்களில் ஒலி மீட்டர் பெட்டிக்குள்ளிருந்தோ கட்டுப்பாட்டு மின்பெட்டியிலிருந்தோ வருகிறது. அதை நீங்கள் திறக்க வேண்டாம். காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் உள்ள பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.

விளக்கை அணைத்த பிறகும் ஒலிக்கிறதா? சாவி துளையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கும் பல கார்கள் ஒலிக்கும். பிறகு இறங்கிப் போய்ப் பின்விளக்கைப் பாருங்கள். விளக்கு சுவிட்ச் பார்க்கிங் நிலையிலேயே நின்றிருக்கலாம். ஒலி தொல்லையாக இருக்கிறதென்று வயரை வெட்டித்தருவதாகச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரியை இணைத்து, விளக்கைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறங்கள். ஒலி வந்தால், பொத்தானை விரலால் அழுத்துங்கள். உடனே நிற்க வேண்டும்.