விடியற்காலையில் கிளம்பாதீர்கள்: தீவுக்குத் தீவு பாய்மரப் படகில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெப்பமண்டலத் தீவுகளுக்கிடையே சின்னப் பாய்மரப் படகில் சுற்றப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை ஒன்று விடாமல் திரும்ப அடிக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட், குடிதண்ணீர், கடல் மயக்க மாத்திரை பற்றியெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

இருட்டுக்குப் பயந்து விடியலில் கிளம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். அடுத்த தீவு 60 கடல்மைல். படகின் வேகம் சராசரி 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல்மைல். இரவில் கடலில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று காலை 6 மணிக்கு நங்கூரம் தூக்குகிறார்கள். போய்ச் சேர மாலை 6 ஆகும். வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்கும். மறைந்த அரை மணிக்குள் கும்மிருட்டு. காற்று கொஞ்சம் சுணங்கினால் கேட்கவே வேண்டாம். எந்த இருட்டுக்குப் பயந்தார்களோ அதே இருட்டில், அதுவும் பவளப்பார் (தண்ணீருக்கடியில் கிடக்கும் பவளப்பாறைத் திட்டு) ஓரத்தில் வந்து நிற்பார்கள்.

நடுக்கடலில் முட்டுவதற்கு என்ன இருக்கிறது? கப்பல் விளக்குகளைக் கவனித்தபடி முறை வைத்து விழித்திருந்தால் போதும். படகு உடைவது பெரும்பாலும் கரைப்பக்கம்தான். அதே 60 மைலுக்கு இரவு 11 மணிக்குக் கிளம்புங்கள். காலை 11 மணிக்கு, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், தீவு முன்னால் இருக்கும்.

வெயில் எதற்கு என்றால், பவளப்பாரைக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். கருநீலம் ஆழம். பச்சை கலந்த வெளிர்நீலம் மணல். பழுப்பாகத் தெரிந்தால் பாறை, கிட்டே போகாதீர்கள். சூரியன் உயரத்தில், முதுகுப் பக்கம் இருந்தால்தான் இந்த நிறங்கள் பிரிந்து தெரியும். போலராய்டு கண்ணாடி மாட்டிய ஒருவர் படகின் முன்முனையில் நிற்க வேண்டும். பாரின் வாய், அதாவது உள்ளே நுழையும் இடைவெளி, மேற்குப் பக்கம் இருந்தால் காலையில் நுழையாதீர்கள். வெயில் முகத்தில் அடிக்கும். நண்பகல் தாண்டி, 3 மணிக்கு முன்னால் போங்கள்.

ஒருநாள் சாயங்காலம் பாருக்கு உள்ளே நங்கூரமிட்டிருந்தேன். ஒரு படகு வாயைத் தாண்டி மேற்கே திரும்பியது. சூரியன் நேராக அவர்கள் கண்ணில். வானொலியில் கூப்பிட்டு, இப்படியே வெளியே போய்விடுங்கள், காலையில் வரலாம் என்றேன். பிளாட்டரில் (படகு இருக்கும் இடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் திரை) பாதை சுத்தமாக இருக்கிறது என்று பதில் வந்தது. சற்று நேரத்தில் ஒரு சத்தம். பாய்மரம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) வேறு இறங்கிக்கொண்டிருந்தது. டிங்கி என்கிற சின்னத் துணைப்படகுகளில் போய், தண்ணீர் திரும்ப ஏறும் வரை காத்திருந்து, நள்ளிரவுக்கு மேல் இழுத்துவிட்டோம். படகு மிதந்தது, சுக்கான் போய்விட்டது. புதுச் சுக்கான் வரும் வரை அந்தப் பருவம் முழுவதும் அங்கேயே கிடந்தார்கள்.

பிளாட்டர் பொய் சொல்லாது, வரைபடம்தான் பழசு. ஜிபிஎஸ் உங்கள் இடத்தைச் சில மீட்டருக்குள் காட்டிவிடும். ஆனால் ஒதுக்குப்புறத் தீவுகள் பலவற்றின் வரைபடங்கள் செயற்கைக்கோள் காலத்துக்கு முந்தைய அளவீட்டில் வரைந்தவை. பாரே இடம் தள்ளி இருக்கலாம். ஜூம் இன்னொரு வம்பு. 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் வால்வோ ஓஷன் பந்தயத்தில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் படகு, இந்தியப் பெருங்கடலில் கார்கடோஸ் கராஜோஸ் பாரில் இரவில் ஏறியது. வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் பார் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அத்தனை தேர்ந்த மாலுமிகளுக்கே அந்தக் கதி.

சரி, தாமதமாகிவிட்டது, என்ன செய்வது? உள்ளே போகாதீர்கள். முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானையும் கட்டிவிட்டால் படகு ஏறக்குறைய நின்றுவிடும், மெல்லக் காற்றோடு மட்டும் நகரும். காற்று தீவை விட்டு வெளியே தள்ளும் பக்கமாக, கரையிலிருந்து நன்றாக விலகி நின்று, தூங்குவதை முறை வைத்துத் தூங்குங்கள். இந்த வித்தையை ஊர்ப்பக்கத்திலேயே பழகிக்கொண்டு கிளம்புங்கள்.

சங்கிலியில் கஞ்சத்தனம்

நங்கூரச் சங்கிலியை ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விட வேண்டும் என்பார்கள். அந்த ஆழத்தில், படகின் முன்முனையில் சங்கிலி இறங்கும் நங்கூர உருளையின் உயரமும் ஏறவிருக்கும் ஓதமும் சேர்த்தி. 5 மீட்டர் தண்ணீர், 1 மீட்டர் ஓதம், 1 மீட்டர் உயரம் என்றால் 35 மீட்டர் விட வேண்டும். அப்புறம் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நங்கூரம் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, ஒரு முங்கு போட்டும் பார்க்கலாம். இழுபடும் படகு பக்கத்துப் படகின் மேல்தான் போய் விழும், அதுவும் எப்போதும் நடுராத்திரியில்.

இரண்டு தீவுக்கு நடுவே முழுப்பாய்

தீவின் மறைவில் காற்று சாதுவாக இருக்கும். இடைவெளிக்கு வந்ததும் நெருக்கப்பட்டுச் சீறும். மறைவில் இருக்கும்போதே பாயைச் சுருக்கிவிடுங்கள்.

புயல் பருவம்

வட அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல். அந்த மாதங்களில் அங்கே போகாதீர்கள், வாதம் வேண்டாம்.

மஞ்சள் கொடி

வேறு நாட்டுக் கடலில் நுழைந்ததும் ஏற்றுங்கள். அனுமதி முத்திரை விழும் வரை கேப்டன் தவிர யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது.

டிங்கி

இரவில் தூக்கிக் கட்டுங்கள்.