பச்சிளங்குழந்தையின் மூளையில் மைட்டோகாண்ட்ரியாவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வது வேறு, அதை மூளை செலவழிப்பது வேறு. ஆக்சிஜனைக் கொண்டு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைத் தயாரிப்பவை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அவை பழுதாகிவிட்டால், ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் செல்லுக்கு ஆற்றல் கிடைக்காது.

இதை மறப்பதால்தான் முதல் தவறு நேர்கிறது. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைச் செலுத்தி அளக்கும், நெற்றியில் ஒட்டிய சென்சாரில் திசு ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொட்டதும் நிம்மதி கொள்கிறார்கள். முதல் நாளுக்குப் பிறகு அந்த எண் உயர்ந்தே இருந்தால், மூளை ஆக்சிஜனை எடுக்கவில்லை என்றும் பொருள்படலாம். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி-யோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

அதே சாதாரணக் கருவியால் மைட்டோகாண்ட்ரியாவையும் அளந்துவிடலாம் என்று நினைப்பது அடுத்தது. அங்கே நாம் தேடுவது, மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் நொதியின் நிலை. அதைவிட ஹீமோகுளோபின் பல மடங்கு அதிகம் இருப்பதால், இரண்டு மூன்று அலைநீளங்களைக் கொண்டு பிரித்தறிய முடியாது. சுமார் 780 முதல் 900 நானோமீட்டர் வரை பல அலைநீளங்களைப் பதிவுசெய்யும் அகலப்பட்டைக் கருவி தேவை. அதுவும் தருவது மாற்றத்தைத்தான், முழு அளவை அல்ல. எனவே ரத்த அழுத்தத்தையும் கூடவே பதியுங்கள்: அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் நொதியின் நிலையும் ஏறி இறங்கினால் பாதிப்பு கடுமையானது என்ற சந்தேகம் வலுக்கும். உச்சந்தலை வீக்கத்தின்மேல் சென்சாரை ஒட்டாதீர்கள். மஞ்சள் காமாலைக்கான விளக்கு எரிந்தால் சென்சாரை மூடுங்கள்.

அதிகம் சறுக்கும் இடம் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி, அதாவது எம்.ஆர்.ஐ. கருவியால் மூளையிலுள்ள வேதிப்பொருள்களை அளக்கும் முறை. முதல் சில மணி நேரத்தில் ஆற்றல் மீண்டுவிட்டதுபோலத் தெரியும். இரண்டாம் கட்டச் சரிவு பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். அவசரப்பட்டு எடுத்த ஸ்கேன் பொய்யான ஆறுதல் தரும். மூளையைக் காக்க உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை (குளிர்விப்பு) முடிந்து உடல் சூடேறியபின், முதல் வாரத்துக்குள் எடுப்பது நல்லது; வாரம் கடந்தால், திசுவில் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. படத்தில் பாதிப்பு மறைந்து இயல்பானதுபோல் தோன்றத் தொடங்கும்.

அளவிடும் பெட்டியை, மூளையின் ஆழத்திலுள்ள அடிக்கருமுடிச்சுகள் (பேசல் கேங்லியா), தாலமஸ் பகுதியில் சுமார் 15 மி.மீ. கனசதுரமாக வையுங்கள். இங்கே அளப்பது லாக்டேட்டை; ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்க முடியாதபோது அது சேரும். மூளை நீர் பெட்டிக்குள் வந்தால் அதிலுள்ள லாக்டேட்டும் கணக்கில் சேர்ந்துவிடும். எக்கோ நேரமும், அதாவது சமிக்ஞையைப் பதியும் முன் காத்திருக்கும் நேரமும், முக்கியம்: 144 மில்லிசெகண்டில் லாக்டேட் முகடு தலைகீழாகும், 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் ஓரளவு தொலைந்தும் போகும், 288-இல் நிமிர்ந்து நிற்கும். முகடு எங்கே வருகிறது என்பதைக் காட்டும் பி.பி.எம். அளவுகோலில் லாக்டேட் 1.3-இல் வரும். 1.1-இல் தெரியும் இரட்டை முகடு, வலிப்பு மருந்தின் கரைப்பானான புரோப்பிலீன் கிளைகாலாக இருக்கலாம். இதைக் குழப்பிக்கொண்டால் நலமான குழந்தைக்கும் மோசமான முன்கணிப்பு எழுதிவிடுவோம். பெற்றோரிடம் அதைச் சொன்னபின் திரும்பப் பெறுவது எளிதல்ல.

லாக்டேட்டுக்கும், நரம்பு செல்களின் நலத்தைக் காட்டும் என்-அசிட்டைல் அஸ்பார்டேட்டுக்கும் உள்ள விகிதத்துக்கு, தாண்டினால் முன்கணிப்பு மோசம் என்று கொள்ளும் 0.39 என்ற எல்லையைச் சிலர் எங்கும் பொருத்துகிறார்கள். அது 3 டெஸ்லா காந்தம், 288 மில்லிசெகண்ட் எக்கோ நேரத்தில் பெறப்பட்டது. குறைமாதக் குழந்தையின் மூளையில் இயல்பாகவே லாக்டேட் கூடுதலாகத் தெரியும் என்பதால் அங்கும் அதைப் பொருத்தக் கூடாது.

ரத்த லாக்டேட்டை மூளையின் லாக்டேட்டாகப் படிக்காதீர்கள். அட்ரினலின் கொடுத்தாலே அது ஏறும். குதிகாலை அழுத்திப் பிழிந்து எடுத்த மாதிரியிலும் ஏறியிருக்கும்.

குளிர்விப்பு 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் நடக்கும். அப்போது வளர்சிதை மாற்றமே மந்தமாகும். எந்த அளவீட்டுக்கும் அருகில் உடல் வெப்பநிலை, பிறந்து எத்தனை மணி நேரம், கொடுத்த மருந்துகள் மூன்றையும் எழுதுங்கள். குளிர்ச்சியில் எடுத்த எண்ணைச் சூடேறியபின் எடுத்ததோடு ஒப்பிட்டு, தேறுகிறது என்றோ மோசமாகிறது என்றோ சொல்லாதீர்கள்.